வேலிக்குள் வேட்டை



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், என்ன தலைப்பில் பேசுறீங்க?" என்று கேட்டார். "அமெரிக்காவில் வேலி போட்ட பண்ணைகளில் மான் வேட்டையாடி அதை டெலிவிஷனில் காட்டுகிறார்கள். அதில் எது நியாயம், என்ன விதி என்று பேசலாம் என்றிருக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி, அந்த மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார். முன்னேறும் வழி சொல்ல இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். நான் விலங்கியல் படித்தவன். சில வருஷம் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரத்தில் இருந்தவன். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் பேச முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரிலிருந்து வடமேற்கே கெர்வில், ஜங்ஷன் பக்கம் காரில் போனால் சாலையோரமாக எட்டடிக் கம்பிவேலி கூடவே வரும். மாட்டுக்குப் போடுகிற வேலி நாலடிதான் இருக்கும். அதை மான் சுலபமாகத் தாண்டிவிடும். எட்டடி என்றால் அது மானுக்காகவே போட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று பார்த்தால் நம்மூர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போடும். கிண்டியில் நிற்கும் அதே புள்ளிமான்! கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் நாம் பொத்திப் பொத்திக் காக்கும் அதே வெளிமான்! 1930-களில் கொண்டுபோய் விட்டது, அங்கே பல்கிப் பெருகிவிட்டது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் ஜெயில். டெக்சாஸில் அது அயல்நாட்டு விலங்கு, நிலச் சொந்தக்காரரின் உடைமை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வருஷத்தில் எந்த நாளும் சுடலாம். இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது. கொம்பின் நீளத்தைப் பொறுத்து விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கே பெரிய சண்டையெல்லாம் அவர்களுடைய சொந்த மானைப் பற்றித்தான். வெள்ளைவால் மான் என்று பெயர். ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கம் வெள்ளைவெளேரென்று தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சம்கூடத் தேறாது என்று மதிப்பிடுகிறார்கள். கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அந்த வருஷம் லேசி சட்டம் வந்தது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டி விற்பது குற்றமாயிற்று. 1937-இல் பிட்மன் - ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மீது போடும் 11 சதவீத வரி காட்டு விலங்குப் பராமரிப்புக்குப் போகும்படி ஆயிற்று. இன்று வெள்ளைவால் மான் ஏறத்தாழ மூன்று கோடி. வேட்டைக்காரர்கள் கொடுத்த வரிப்பணத்தில் மான் மீண்டது என்று சொன்னால் நம் காதுக்கு வினோதமாக இருக்கிறது. ஆனால் அதில் உண்மை இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் அடித்தளம் ஒரே ஒரு கொள்கை. காட்டு விலங்கு யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அது மக்களுடையது, அரசாங்கம் அவர்கள் சார்பில் அதைக் காக்கிறது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் மேயும் மான் உன்னுடையது அல்ல.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, வேட்டைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் நண்பர்களோடு சேர்ந்து பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் வளர்த்தெடுத்த கோட்பாட்டுக்கு 'ஃபேர் சேஸ்' என்று பெயர். நாம் நேர்மையான துரத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். மிருகம் சுதந்திரமாகத் திரிவதாக இருக்க வேண்டும். வேட்டைக்காரனுக்கு முறையற்ற அனுகூலம் இருக்கக் கூடாது. மிருகம் தப்பிப்பதற்கு நிஜமான வாய்ப்பு இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் டெடி பேர் பொம்மை இந்தக் கோட்பாட்டின் பிள்ளைதான். ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது, 1902 நவம்பரில், மிசிசிப்பியில் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. வழிகாட்டி ஹோல்ட் காலியர் ஒரு கரடியை மடக்கி மரத்தில் கட்டிவிட்டு ஜனாதிபதியை அழைத்துவர ஆளனுப்பினார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட் சுட மறுத்துவிட்டார். அது பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்தது, பொம்மையாயிற்று. கதையில் பாதிதான் பொம்மைக் கடையில் கிடைக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், கரடிக்கு அதற்குள் பலமான காயம். அதன் வேதனையை முடித்துவிடச் சொன்னார், கத்தியால் கொன்றார்கள். ஆக கரடி பிழைக்கவில்லை. கட்டிப்போட்டதைச் சுட்டுவிட்டு அதை வேட்டை என்று சொல்லிக்கொள்ள அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான் விஷயம். நான் இன்று பேசுவதும் அந்த இடத்தைப் பற்றித்தான். உயிரைக் கொல்லலாமா கூடாதா என்பது வேறு விவாதம். நம்மில் பலருக்கு அதில் ஆயிரம் வருஷத்துப் பதில் இருக்கிறது. இங்கே நான் கேட்பது, செய்த காரியத்துக்கு வைக்கிற பெயர் உண்மையா என்பது.

சரி, வேலி போட்டால் என்ன மாறுகிறது? பத்தாயிரம் ஏக்கரைச் சுற்றி வேலி போட்டால் உள்ளே இருக்கும் பல மான்களுக்கு வேலி இருப்பதே தெரியாது. ஒரு கிடா மான் சாதாரணமாகச் சுற்றிவரும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதே வேலியை ஐம்பது ஏக்கரில் போட்டால்? மான் எந்தப் பக்கம் ஓடினாலும் கம்பியில் போய் முட்டும். கோடு எங்கே போடுவது? சில மாநிலங்கள் குறைந்தது இத்தனை ஏக்கர் வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. ஏக்கரை எண்ணி நியாயத்தை அளக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். காடும் மேடுமான நூறு ஏக்கரும் பொட்டல் நூறு ஏக்கரும் மானுக்கு ஒன்றா, சொல்லுங்க.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வயோமிங் மாநிலம் மான் பண்ணை வைப்பதையே அனுமதிப்பதில்லை. மொன்டானாவில் 2000-ஆம் ஆண்டு மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, பண்ணை விலங்கைக் காசுக்குச் சுடுவதை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் மொன்டானா வேட்டைக்காரர்கள் நிறைந்த மாநிலம். அந்த ஓட்டுக்காக உழைத்தவர்களில் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர். பக்கத்தில் வடக்கு டகோட்டாவில் 2010-இல் இதே மாதிரி ஓட்டெடுப்பு வந்தது, தோற்றுப்போனது. நிலத்துக்காரரின் உரிமையில் கை வைக்கக் கூடாது என்ற வாதம் அங்கே எடுபட்டது. டெக்சாஸில் வேலி வேட்டை சட்டப்படி சரி. மாநில நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. அங்கே இது பெரிய தொழில்.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். கொம்பைச் சுற்றி அளந்து அங்குலத்தில் மார்க் போடுகிறார்கள். பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் முதன்மைப் பதிவேட்டில் ஏற, சீரான கொம்புள்ள வெள்ளைவால் மானுக்கு 170 அங்குலம் வேண்டும். உலக சாதனை 1993-இல் கனடாவின் சஸ்காச்சுவானில் ஹான்சன் என்ற விவசாயி சுட்ட மான், 213 5/8 அங்குலம். பண்ணை மான்களிலோ 300 அங்குலத்தைத் தாண்டியதெல்லாம் உண்டு. எப்படி? நம்ம ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறோமே, அதேதான். பெயர்பெற்ற கிடாவின் விந்தைக் குழாயில் அடைத்து உறைய வைத்து விற்கிறார்கள். குட்டிக்குக் காதில் எண் போட்ட வில்லை. சத்துத் தீவனம். கொம்பு நன்றாக வந்ததும் லாரியில் ஏற்றி வேட்டைப் பண்ணையில் இறக்குகிறார்கள். சில மான்களின் கொம்பு பாரம் தாங்காமல் கிளைகிளையாகப் பிரிந்து தொங்குவதைப் பார்த்தால், விலங்கியல் படித்தவனுக்கு அழகாகத் தோன்றாது; பரிதாபமாகத்தான் இருக்கும்.

வேலிக்குள் சுட்ட மானைப் பூன் அண்ட் கிராக்கெட் பதிவேட்டில் ஏற்றவே மாட்டார்கள். சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் என்ற இன்னொரு பெரிய சங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தனிப் பிரிவாகப் பதிகிறது. என் பார்வையில் அந்தத் தனிப் பிரிவில் ஒரு நாணயம் இருக்கிறது. வேலி இருந்தது என்று எழுதி வைக்கிறார்கள் பாருங்கள்.

இனி டெலிவிஷனுக்கு வருவோம். சினிமாவில் படம் எடுப்பதற்கும் ஷூட்டிங், துப்பாக்கியால் சுடுவதற்கும் ஷூட்டிங். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

1965-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'தி அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ்மேன்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1975-இல் சி.பி.எஸ். 'தி கன்ஸ் ஆஃப் ஆட்டம்' என்ற விவரணப் படத்தை ஒளிபரப்பியது. வேட்டையின் அசிங்கமான பக்கங்களைக் காட்டிய படம் அது. கோபம் கிளம்பி, விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள். வேட்டையைப் பற்றி டி.வி.யில் உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பிறகு 1990-களில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் என்றே தனிச் சேனல்கள் வந்துவிட்டன.

இந்தச் சேனல்களில் பல நிகழ்ச்சிகளைச் சேனல் விலைகொடுத்து வாங்குவதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர்தான் சேனலுக்குப் பணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்குகிறார். நம்ம டி.வி.யில் காலையில் ராசிக்கல், மூலிகைத் தைலம் என்று வருகிறதே, அதே கணக்கு. போட்ட பணத்தை வில் கம்பெனி, தீவனக் கம்பெனி, உடுப்புக் கம்பெனி விளம்பரத்தில் எடுக்க வேண்டும். அந்தக் கம்பெனிகளுக்கு வாரா வாரம் ஒரு பெரிய கொம்பு விழ வேண்டும். நிஜக் காட்டில் வயது முதிர்ந்த கிடா ஒன்றைத் தேடிப் போனால் இரண்டு வாரம் மரத்தில் உட்கார்ந்தும் வெறுங்கையோடு திரும்புவது சர்வ சாதாரணம். கேமராக்காரருக்குச் சம்பளம் ஓடுகிறது, ஹோட்டல் வாடகை ஓடுகிறது. வேலிக்குள் போனால் மூன்று நாளில் வேலை முடியும். டி.வி.க்கு நிச்சயம் வேண்டும். வேட்டை என்றாலே நிச்சயமில்லாதது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எட்டடி வேலி வந்து நிற்கிறது. ஆட்கள் கெட்டவர்கள் என்பதைவிட, கணக்கு அப்படி இழுக்கிறது என்பதே சரி.

படத்தில் வேலி தெரியாது. அதுதான் வித்தை. நேரம் வைத்துச் சோளம் கொட்டும் எந்திரம் ஒன்று இருக்கும். அது சட்டத்துக்குள் வருகிற இடங்களும் உண்டு, டெக்சாஸில் வேலி இல்லாத நிலத்தில்கூடச் சோளம் போடலாம். ஆனால் சோளம் கொட்டுவதை வெட்டிவிடுவார்கள். தொகுப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவிடம் குசுகுசுவென்று பேசுவது மறுநாள் எடுத்த காட்சியாக இருக்கும். மான் நிமிர்ந்து பார்ப்பது வேறொரு மாலையில் எடுத்தது. எல்லாவற்றையும் ஒட்டவைத்து விளம்பரம் போக இருபது நிமிஷச் சொச்சத்தில் ஒரு வீரகதை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே கேமராதான் ஓணான்.

கற்பனையாகச் சொல்லவில்லை. டிராய் ஜென்ட்ரி என்ற பிரபலப் பாடகர் 2004-இல் மின்னசோட்டாவில் ஒரு கரடியை வில்லால் கொன்றார். வீடியோவும் எடுத்தார்கள். அது காசு கொடுத்து வாங்கிய, ஆளிடம் பழகிய கரடி. மின்வேலி போட்ட அடைப்புக்குள் இருந்தது. வீடியோவை வெட்டி ஒட்டி நிஜ வேட்டை மாதிரி ஆக்கியிருந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. காட்டுக் கரடி என்று பொய்யாகப் பதிவு செய்த குற்றத்தை 2006-இல் அவர் ஒப்புக்கொண்டு 15,000 டாலர் அபராதம் கட்டினார். கவனித்துப் பாருங்கள்: சட்டம் பிடித்தது அரசாங்கப் பதிவில் எழுதிய பொய்யை. வீடியோவில் சொன்ன பொய்க்கென்று தனியாக ஒரு சட்டப்பிரிவு இல்லை.

சில சமயம் கேமரா எஜமானனையே காட்டிக்கொடுப்பதும் உண்டு. ராக் இசைக்கலைஞர் டெட் நியூஜென்ட் தன் வேட்டை நிகழ்ச்சியில் கலிபோர்னியாவில் ஒரு இளங்கிடாவைச் சுட்டதைக் காட்டினார். வீட்டில் டி.வி. பார்த்த வனவிலங்கு அதிகாரிகளே அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாநிலத்தில் தீனி வைத்து மானை இழுப்பது குற்றம். 2010-இல் 1,750 டாலர் அபராதம். இது வேலி விவகாரம் இல்லை, ஆனால் டி.வி. வேட்டைக்கு யார் காவல் என்று கேட்டால், பெரும்பாலும் இப்படி யாராவது தற்செயலாகப் பார்த்தால்தான் உண்டு.

இதன் கடைசிப் படியையும் டெக்சாஸ் பார்த்துவிட்டது. 2005-இல் அங்கே ஒரு பண்ணையில் துப்பாக்கியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, வேறு ஊரில் வீட்டில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தி மிருகத்தைச் சுடும் ஏற்பாடு நடந்தது. அதே வருஷம் டெக்சாஸ் சட்டசபை அதைத் தடை செய்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. துப்பாக்கிச் சங்கத்தாரும் விலங்கு நேயரும் ஒன்றாக நின்று எதிர்த்த அபூர்வமான விஷயம் அது. வேட்டைக்காரன் அங்கே நேரில் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மானுக்கு ஓட இடம் இருக்க வேண்டும் என்பதில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. கறிக்கடையில் வாங்கும் மாட்டுக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்ததா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடக்க முடியாத முதியவரும் ஊனமுற்றவரும் வேலிக்குள்தான் வேட்டையாட முடியும் என்கிறார்கள். அதுவும் சரிதான். கொம்புக்கு விலை இருப்பதால்தான் விலங்கு பிழைக்கிறது என்பார்கள். அதற்குச் சான்று இருக்கிறது. ஆப்பிரிக்காவின் வளைகொம்பு ஓரிக்ஸ் காட்டில் அற்றுப்போனபோது டெக்சாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தது. பாகிஸ்தானில் அழிந்துபோன வெளிமானை லால் சுஹான்ராவில் மறுபடி வளர்க்க 1970 வாக்கில் டெக்சாஸிலிருந்துதான் வெளிமான் அனுப்பினார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. பண்ணை வைத்துக்கொள்ளுங்கள், சுடுங்கள். ஆனால் படம் எடுத்துக் காட்டினால் வேலியையும் சேர்த்துக் காட்டுங்கள். எத்தனை ஏக்கர், மான் எப்போது உள்ளே வந்தது, காட்டில் பிறந்ததா, கொட்டடியில் பிறந்ததா என்று திரையில் இரண்டு வரி போடுங்கள். மருந்துச் சீட்டில் போடுவது போல. மக்களின் சொத்தான மூன்று கோடி மானைக் காத்த கோட்பாட்டின் பெயரைப் பண்ணைச் சரக்குக்கு ஒட்டி விற்கும்போது, அடுத்த தலைமுறைப் பையன் 300 அங்குலக் கொம்புதான் வேட்டை என்று நினைத்துக்கொள்கிறான். காட்டு மானைப் பார்த்தால் அவனுக்குச் சப்பென்று இருக்கிறது. பிறகு காட்டைக் காக்க அவன் ஏன் ஓட்டுப் போடுவான்?

இன்னொன்று, இது விலங்கியல் மாணவர்களுக்காக. 1967-இல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அடைத்து வைத்திருந்த மான்கள் மெலிந்து, வாயில் நீர் ஒழுகி, தள்ளாடிச் செத்தன. மூளை பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகியிருந்தது. பைத்தியக்கார மாட்டு நோயின் உறவுக்காரன். பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வருவது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. மண்ணில் பல வருஷம் கிடக்கும். இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. டெக்சாஸில் 2012-இல் காட்டு மானில் கண்டார்கள். 2015-இல் மெடினா கவுன்டியில் ஓர் இனப்பெருக்கப் பண்ணையில். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். காட்டிலும் இந்த நோய் தானாகப் பரவுகிறது, உண்மை. ஆனால் காட்டு மான் லாரியில் ஏறி நானூறு மைல் போவதில்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்க மானும் இந்தப் பக்க மானும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துகொள்ளும். நோய் கண்ட பண்ணையில் மந்தையையே கொன்று பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. பண்ணைக்காரர்கள் மான் எங்கள் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். பண்ணையில் பிறந்தாலும் வெள்ளைவால் மான் மக்களுடையதே என்று 2019-இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வேட்டை நிகழ்ச்சியில் லாரியையும் காட்டுவதில்லை, மந்தையைக் கொல்வதையும் காட்டுவதில்லை.

இப்போது டி.வி.யைவிடச் செல்போனில்தான் வேட்டை வீடியோ அதிகம். தம்பிகள் கையில் அது வந்து விழாமல் இருக்காது. பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். காது மடலில் சின்ன ஓட்டையோ வெட்டோ இருக்கிறதா? ஆள் பேச்சு கேட்டும் மான் நிமிராமல் மேய்கிறதா? பெரிய கொம்புக் கிடாக்கள் ஐந்தாறு ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்கு வந்து நிற்கின்றனவா? புல்லில் நேர்க்கோடாக ஒரு தடம் தேய்ந்திருக்கிறதா? மான் வேலியோரமாகவே நடந்து நடந்து விழும் தடம் அது. கேமரா எப்போதும் தாழ்வாகவே பார்க்கிறதா, தூரத்து அடிவானத்தை ஒரு தடவையாவது காட்டியதா? துறைத்தலைவர் அனுமதித்தால், நாளைக் காலை ஆய்வுக்கூடத்தில் அப்படி இரண்டு படங்களைப் போட்டு மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்க நான் தயார்.

பந்தியில் இலை போட்டுவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது. மீதியை அங்கே பேசிக்கொள்ளலாம்.